நான் பார்க்கும்போது மட்டும்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள சரிவு மழைக்கு இளகும். அதனால் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு பழைய கணினியை வைத்தேன். அதோடு இணைத்த மழைமானியின் அளவு கூடினால் அது எல்லோருடைய போனுக்கும் மெசேஜ் அனுப்பும். இரத்தினபுரியில் ஒரு அலுவலகத்தில் சேர்வர்களைப் பார்ப்பதுதான் என் வேலை, இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? கணினிக்குள் அளவை வாங்க ஒரு கொண்டெய்னர், அதாவது தனியாக அடைத்து ஓடவிட்ட ஒரு புரோகிராம்; மெசேஜ் அனுப்ப இன்னொன்று. லயத்துக் காம்பரா அறைகளைப் போல ஒரே கூரை, தனித்தனிச் சுவர். கரண்ட் போய் வந்தால் இரண்டும் தாமாகவே தொடங்கிவிடும் என்று மார்தட்டியிருந்தேன்.

ஒரு பிற்பகல் அடைமழையில் கரண்ட் போய் வந்தது. மறுநாள் காலையில், சரிவை ஒட்டிய கடைசிக் காம்பராவில் இருக்கும் அக்கா, கொழுந்து பறிக்கப் போகிற வழியில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, மெசேஜே வரல்லையே. இப்ப வரும், இப்ப வரும்னு ரெண்டு புள்ளைங்களையும் வச்சிக்கிட்டு உட்காந்திருந்தேன். மண்ணு சரிஞ்சு பின்சுவரு வரைக்கும் வந்திருச்சு."

"ஒங்க போன்ல சிக்னல் இருந்திருக்காதுக்கா."

"இருந்திச்சுங்க. அந்த நேரம்தான் தங்கச்சி கூடப் பேசினேன்."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நானும் அவருடைய போனைத்தான் குறை சொன்னேன். அலுவலகம் போய், அங்கிருந்தே வாசிகசாலைக் கணினியைப் பார்த்தால் இரண்டு கொண்டெய்னரும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அக்கா பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. பதிவுகளைப் புரட்டினேன். கரண்ட் வந்ததும், இரண்டரை மணிக்கே கணினி எழுந்துவிட்டது. கொண்டெய்னர்கள் எழுந்ததோ நாலரைக்கு, மழை ஓய்ந்த பிறகு. நான் இரத்தினபுரியிலிருந்து இணையம் வழியாகக் கணினிக்குள் நுழைந்ததும் அதே நிமிடம்தான்.

அவற்றை என் பெயரில் ஓடும்படி வைத்திருந்தேன். நான் உள்ளே வந்தால்தான் அவை தொடங்கும், வெளியேறினால் நின்றுவிடும். நானோ அந்த இணைப்பை மூடுவதே இல்லை. ஆகவே எப்போது பார்த்தாலும் ஓடின. நான் சோதித்ததெல்லாம் நுழைந்து பார்த்துத்தான்! இத்தனை வருட வேலையில் இது தோன்றவில்லையே என்று ஒரு பக்கம் வெட்கம், இன்னொரு பக்கம் கண்டுபிடித்த குதூகலம்.

ஆள் உள்ளே இல்லாவிட்டாலும் அவனுடைய வேலைகளைத் தொடங்கு என்று சொல்ல ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மெசேஜ் என் போனுக்கு மட்டும் வரும்படி வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். கீபோர்டைத் தொடவில்லை. மழைமானியில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். போன் சிணுங்கியது. தனியாக நின்று கைதட்டினேன்.

அடுத்த மாதம் மறுபடி பெருமழை. கரண்ட் போய் வந்தது. நான் இரத்தினபுரியில், கணினிக்குள் நுழையாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மெசேஜ் வந்தது. உடனே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, மெசேஜ் வந்திருச்சு. புள்ளைங்களோட கெளம்புங்க."

"நாங்க ஸ்கூலுக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆச்சு தம்பி. மழை வலுத்ததும் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். இப்பல்லாம் நான் அதுக்காகக் காத்திருக்கிறதில்லீங்க."

அவர் குரலில் கோபமே இல்லை.

"மெசேஜ் நல்லாத்தான் வருது தம்பி," என்றார், எனக்கு ஆறுதலாக.