பத்தொன்பது வருடத்துப் பண்ணை

பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, என் வீடியோ கேம் கேசட்டின் உலோகப் பற்கள் மேல் ஒரே திசையில் இழுக்கிறார். குச்சி கறுத்து வருகிறது. அதை என் மூக்குக்கு நேராக நீட்டுகிறார்.

"பாத்துக்கங்க சார். பாதி தூசி, பாதி உங்க எச்சில். படம் வரலைன்னா உடனே ஊதிடறது. அடுப்பா இது?"

சின்ன வயதில் ஊதியவன் நான்தான். எச்சிலுக்கு இவ்வளவு ஆயுள் உண்டென்று தெரிந்திருந்தால் நாகரிகமாக ஊதியிருப்பேன்.

வார நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறன்று கேசட் டாக்டர். பழைய வீடியோ கேம் பெட்டிகள் அட்டைப்பெட்டியிலும் தலையணை உறையிலும் வந்து சேருகின்றன. அவர் வீட்டில் காது குடைய ஒரு பஞ்சுக்குச்சி மிஞ்சாது. பழுப்பேறிய பிளாஸ்டிக்குக்குத் தலைமுடி வெளுக்கும் கிரீமைப் பூசி, பாலிதீன் சுற்றி மொட்டைமாடியில் வெயிலில் வைக்கிறார். கிரீம் விற்கும் பெண் அவருடைய வழுக்கையையும் கையிலிருக்கும் நான்கு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்ப்பாளாம். "நான் விளக்கம் சொல்றதில்ல சார். அவங்களுக்கும் பொழுது போகணும்ல."

அவருக்குப் பிடிக்காத ஜீவன் ஒன்றுதான்: கடைவீதியில் இதே வேலை செய்யும் இன்னொருவர். இவர் வைத்த பெயர் 'டேப்பு'. சில கேசட்டுகளுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். விளையாட்டில் எதுவரை வந்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பது அதுதான். பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போச்சு. மாற்றும்போது கை தவறினாலும் போச்சு. இவர் பெட்டியை ஓடவிட்டபடியே பழையதை எடுத்துப் புதியதை ஈயம் வைத்துப் பற்றவைப்பார். டேப்போ பற்றவைக்காமல் பச்சை டேப்பைச் சுற்றி ஒட்டிவிடுவார். "பரீட்சைப் பேப்பரைக் கட்டற மாதிரி கட்டி வைக்கிறான் சார். வேலையா அது?"

அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர். வேலை முடிந்து வந்ததும் கேசட்டைப் போட்டு அரை மணி நேரம் திரையில் பண்ணை நடத்துவார். மகள் வயிற்றிலிருந்தபோது தொடங்கிய பண்ணை. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், பண்ணை போகவில்லை. நாற்பத்திரண்டு மாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மைத்துனர் பெயரோ நாத்தனார் பெயரோ உண்டு.

"அந்தக் கேசட்டுக்கு எப்போ பேட்டரி மாத்தினீங்க?" என்று கேட்டேன்.

குச்சி நின்றது. "பதினஞ்சு வருஷம் தாங்கினாலே பெரிசு. அவளும் ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தா. நாளைக்கு, நாளைக்குன்னேன். அடுத்தவங்களுதுன்னா கை நடுங்காது சார். இதுல நாப்பத்திரண்டு மாடு இருக்கு." குச்சியைக் குப்பையில் போட்டார். "அப்புறம் அவளே கேக்கறத விட்டுட்டா. நம்மகிட்ட அவ்வளவு நம்பிக்கை."

நம்பிக்கை என்ற சொல் அவரைக் கிளப்பிவிட்டது போலும். எழுந்து போய் அந்தக் கேசட்டை எடுத்து வந்தார். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார்.

உள்ளே பச்சை டேப்.

பேட்டரி மேல் தேதி எழுதியிருந்தது. அவர் கையெழுத்தல்ல. இரண்டு வருடம் முந்தைய தேதி.

பூதக்கண்ணாடியை எடுத்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குற்றம் ஏதாவது கிடைக்கும் என்று நானும் காத்திருந்தேன். டேப்பின் ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருந்ததைத் தவிர ஒன்றுமில்லை.

"மாடு ஒண்ணுகூடப் போகல," என்றார், பேட்டரியிடம். "எப்படிடா மாத்தின?"

பற்றவைக்கும் கம்பி பக்கத்தில் சூடேறித் தயாராக இருந்தது. கை அதை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, என் கேசட்டைக் காணோமே. நீங்க எடுத்தீங்களா?"

"சும்மா தூசி தட்டறேன்மா."

"அதுல ஒண்ணும் நோண்டாதீங்க. நல்லாத்தானே ஓடுது."

"ஆமாமா, நல்லாத்தான் இருக்கு."

கம்பியின் சுவிட்சை அணைத்தார். தூக்கியிருந்த டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒட்டும்வரை அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு மூடியைப் போட்டுத் திருகுகளை முடுக்கினார்.