துவரம்பருப்பில் வந்த ஸ்கூட்டர்

எங்கள் வீட்டில் ரொக்கம் ஒழிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூரி சாப்பிட்ட பிறகு. என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். அந்த வாரம் யாரோ ஒரு புண்ணியவான் அங்கே வந்து, இனிமேல் நோட்டு, சில்லறை எல்லாம் பழைய கதை என்று வகுப்பெடுத்துவிட்டுப் போயிருந்தான். வந்தவன் போய்விட்டான், அவஸ்தை எனக்கு வந்து சேர்ந்தது.

"இன்னையிலேர்ந்து இந்த வூட்ல கேஷே கெடையாது. எல்லாமே போன்லதான்" என்றார். இன்னும் கைகூடக் கழுவவில்லை மனுஷன்.

நான் முன்னறையில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அன்று சாயங்காலமே அந்த அறைக் கதவில் ஒரு க்யூஆர் அட்டையை ஒட்டினார். கதவு என்னுடையது, தையல் என்னுடையது, காசு போய் விழுவது மட்டும் அவர் கணக்கில். எனக்கும் ஒரு பேங்க் கணக்கு உண்டு. ஆனால் அதற்குக் கொடுத்திருந்ததும் அவருடைய போன் நம்பர்தான். கல்யாணமான புதிதில் அவர்தான் எழுதிக் கொடுத்தார். "ரெண்டும் ஒண்ணுதான?" என்றார். நானும் ஈ என்று இளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நான் சிறுவாடு சேர்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்க. என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டி நீங்கள் பார்த்ததில்லை. பாகலூர் ரோட்டில் அவர் பின்னால் உட்கார்ந்து போனால் தக்காளி வண்டி தள்ளுகிறவர் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்ப்பார். லைனிங் துணி வாங்க அட்டிபெலே போகவேண்டும் என்றால் அவருக்கு லீவு கிடைக்கும்வரை நான் காத்துக் கிடக்க வேண்டும். எனக்கொரு வண்டி வேண்டும் என்று கேட்டால், "நான் எதுக்கு இருக்கறன்?" என்பார். சரிதான் என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அவர் ஷிஃப்டுக்குப் போன நேரமாகப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வண்டியில் ஓட்டப் பழகினேன், லைசென்ஸும் எடுத்தேன். தைத்த காசில் கொஞ்சம் கொஞ்சமாக லைனிங் துணி மூட்டைக்குள் பதுக்கினேன். அந்த வரும்படிக்குத்தான் இவர் அட்டை ஒட்டினார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் தொழிற்சாலையில் இவர் போனில் மணி அடிக்கும். உடனே கூப்பிடுவார். "யாரு முந்நூத்தம்பது போட்டது? லைனிங் வெச்சதா, வெக்காததா?" பெரிய ஜவுளிக்கடை முதலாளி என்று நினைப்பு. வருகிறவர்களிடம் ரொக்கமாகக் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "அக்கா, கேஷ் இல்லா, ஸ்கேன் மாடுத்தீனி" என்று, ஸ்கேன் பண்ணிவிடுகிறாளாம், ஒரு கன்னடக்காரப் பெண் நான் கையை நீட்டும் முன்பே போனை நீட்டிவிட்டாள். அடிப்பாவி!

காப்பாற்றியவர் தெருமுனை மளிகைக்கடை பாய். என் போனிலிருந்தும் தன் கணக்கில் செலவு செய்ய என் வீட்டுக்காரர் ஏதோ ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். நான் எங்கே தட்டினாலும் மணி அவருக்குத்தான் அடிக்கும். நான் பாய் கடையில் ஐந்நூறுக்குச் சாமான் வாங்கி எழுநூறாகத் தட்டுவேன். மீதியைப் பாய் கல்லாவிலிருந்து நோட்டாக எடுத்துக் கொடுப்பார்.

"சார் கேட்டா என்னம்மா சொல்றது?"

"துவரம்பருப்புன்னு சொல்லுங்க பாய்."

வாயில் வந்ததைச் சொன்னேன். அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த மாதம் இவர் செலவையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கலர் கலராகப் படம் போட்டார். மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பம் மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அது பருப்பு. தொழிற்சாலையில் ஒரு பொருள் பழுதானால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிப்பார்களாம். அதை என் சமையலறையில் ஆரம்பித்தார்.

"பருப்பு ஏன் இவ்ளோ ஆவுது?"

"சாம்பார் வெக்கறனே."

"சாம்பார் ஏன் வெக்கற?"

"நீங்க கேக்கறீங்களே."

"நான் ஏன் கேக்கறேன்?"

அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருந்ததால் அங்கேயே நின்றுபோனார். ஆனால் விடவில்லை. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் இவ்வளவு பருப்பு உள்ளே போனால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று பயந்துபோய், ரத்தப் பரிசோதனைக்கு ஓடினார். எல்லாம் சரியாக இருந்தது. "பாத்தியா, நல்லாத்தான் சீரணமாவுது" என்று பெருமையாக வேறு சொன்னார். சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். இருந்தாலும் சாம்பாரை ரசமாக்கிவிட்டார். நானும் பாயும் கணக்குச் சொல்வதில் பருப்பை விட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினோம்.

நாடு முழுக்க ரொக்கமே வேண்டாமா என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்துவார்கள். வரி என்பார்கள், திருட்டு என்பார்கள், அஞ்செட்டிப் பக்கம் சிக்னல் இல்லை என்பார்கள். மணி யாருடைய போனில் அடிக்கும் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவழியாகப் பணம் சேர்ந்தது. பழைய வண்டி விற்கிற இடத்துக்கு நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். நீல நிற ஸ்கூட்டர், சீட்டில் மட்டும் ஒரு கிழிசல். கடைக்காரர் என் கட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "கேஷா? அத எண்ணி, பேங்க்ல கட்டி... வேணாம்மா. போன்ல போட்டுடுங்க."

அழுகையே வந்துவிட்டது. நோட்டைப் பொறுக்க நான் பட்ட பாடு என்ன, இந்தாள் சொல்கிறது என்ன! திரும்பப் பாய் கடைக்கே போய்க் கட்டை அவர் முன்னால் வைத்தேன். பாய் எண்ணிப் பார்த்துவிட்டு, "முக்கால்வாசி என் கல்லா நோட்டும்மா. ஊரச் சுத்திட்டு வூட்டுக்கே வந்துடுச்சி" என்று சிரித்தார். அவர் போனிலிருந்து வண்டிக்காரருக்குப் பணம் போயிற்று.

சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கணக்குலேர்ந்து போச்சு?" என்பதுதான்.

எனக்கு வந்ததே கோபம்! பருப்பிலிருந்து பாய்வரை எல்லாவற்றையும் கொட்டினேன். "நான் தைச்ச காச நானே திருட்டுத்தனமா வாங்கி வெக்க வேண்டியிருந்தது. வெக்கப்பட வேண்டியது நானா, நீங்களா?"

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?"

"நான் ஏன் கேக்கணும்?"

ஐந்து ஏன் கேட்கிற மனுஷன் இந்த ஒரு ஏனைக் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு நான் முதலில் போனது பேங்குக்கு. என் கணக்கில் அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைக் கொடுத்தேன். அது மாறி வந்ததும் முன்னறைக் கதவில் வேறு அட்டை ஒட்டினேன்.

அன்று மத்தியானம் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார். "என்னா, இன்னைக்கு ஒருத்தரும் வரலியா? ஒரு சத்தமும் இல்லியே."

"வந்தாங்களே, நாலு பேரு."

"அப்ப காசு?"

"வந்துடுச்சி."

"எங்க?"

"எனக்கு."

மெஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்தார்போல. அப்புறம், "எவ்ளோ?" என்றார்.

"வேலையப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.