இறக்கைக்காரனும் எங்கள் மாடி வீடும்

ஐம்பது வயதில், தேவிகாபுரத்திலிருந்து ஆரணி வரும் பஸ்ஸில், கார்ட்டூன் பார்த்து அழுதேன். கண் கலங்கியது என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் நான் மூக்கு சிந்தியதைப் பாதி பஸ் பார்த்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "யாருபா பூட்டாங்க?" என்று துக்கம் விசாரித்தார்.

"யாரும் இல்லமா. வூட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"அடப் பாவமே" என்று பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். வீட்டை இழந்தது நானல்ல, என் செல்போனுக்குள் பறந்துகொண்டிருக்கும் ஒருவன் என்று விளக்கினால் பழத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். தின்றுவிட்டேன்.

நான் பள்ளியில் படித்த காலத்து வெளிநாட்டுத் தொடர் அது. நாயகனுக்கு முதுகில் இறக்கை. அதைக் கோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஒரு வாடகை அறையில் குடியிருப்பான். ஒருநாள் குளியலறைச் சாக்கடையை இறகு அடைத்துக்கொள்ள, வீட்டுக்காரம்மாள் அவன் பெட்டியைத் தெருவில் எறிவார். அன்று மாலையே வீடு தீப்பற்றும். அவரைத் தூக்கிக்கொண்டு பறப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறுவயதில் என் கண்ணுக்குத் தீ மட்டும்தான் தெரிந்தது. இப்போதுதான் பெட்டி தெரிந்தது. தன்னைப்போல் இல்லாதவனைக் கண்டு ஊர் மிரள்வதைத்தான் அந்தத் தொடர் சண்டைகளுக்கு நடுவே வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பட்டுச்சேலை வியாபாரி ஒருவனுக்கு அது உறைக்க இத்தனை வருஷம்.

பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் முடிவெடுத்துவிட்டேன். எங்கள் மாடி போர்ஷன் காலியாக இருந்தது. எங்கள் தெருவில் பெண் கொடுப்பதற்குக்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டோம்; வாடகைக்கு விடுவதற்கு விசாரிப்போம். என்ன ஆளுங்க, என்ன சாப்பிடுவீங்க, யாரு வந்து போவாங்க. இனி என் வாசலில் ஒரு கேள்வியும் கிடையாது. மனைவியிடம் அறிவித்தேன்.

"பேரையாவது கேக்கலாமா?" என்றாள்.

"அத அவங்களே சொல்லுவாங்க."

அந்த வாரமே ஒரு டீச்சர் வந்தார். எங்கள் மாவட்டத்துத் திருமலைக்குப் பக்கத்தில் கிராமம். இங்கே பள்ளிக்கு மாற்றலாகி, தினமும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தார். நாற்பதை நெருங்கியும் கல்யாணமாகாத பெண், தனியாக இருக்கப் போகிறார் என்பதால் கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் இல்லையென்றால் மாற்றல் வேண்டாமென்று எழுதிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றார்.

எனக்கு இறக்கை முளைத்தது. "நான் ஒண்ணுமே கேக்க மாட்டேங்க" என்று ஆரம்பித்தேன். ஏன் கேட்க மாட்டேன் என்பதற்குக் கதை தேவைப்பட்டது. கோட்டு, இறகு, சாக்கடை, பெட்டி, தீ. அதன்பின் சமூகம். டீச்சர் ஓரிரு முறை, "சார், நாங்க என்னான்னா..." என்று வாயெடுத்தார். "சொல்லவே வேணாங்க, அது உங்க சொந்த விஷயம்" என்று தடுத்துவிட்டேன். அவர் அடிக்கடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். என் பேச்சில் உருகிப்போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் முடித்தபோது தெருவிளக்கு எரிந்தது. மனைவி ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்தாள்.

டீச்சர் சங்கடத்தோடு எழுந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க ஜைனருங்க, இருட்டிட்டா சாப்பிட மாட்டோம். அதத்தான் அப்பலேர்ந்து சொல்ல வந்தேன். சாயங்காலத்துக்குக் கட்டிகினு வந்த டிபன் பாக்ஸ் பையிலயே இருக்குதுங்க."

"அப்ப வீடு?" என்றேன்.

"வீடு புடிச்சிருக்கு சார். ஞாயித்துக்கெழம வந்துடறேன்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். அவருக்கு வீடு கிடைத்துவிட்டது. என் வீரத்திலும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "பாத்தியா, ஒரு கேள்வி கேக்காம வூடு குடுத்துட்டேன்."

மனைவி ஆறிப்போன இட்லியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். கேக்க மாட்டேன் கேக்க மாட்டேன்னு பேசிகினே இருந்து, வந்தவங்கள பட்டினியா அனுப்பிட்டீங்க. அந்தக் கார்ட்டூன் வூட்டுக்காரம்மாவாவது வெறும் பெட்டியத்தான் வெளிய போட்டா."