பால்வழியை அளக்கப் போய் போர்வெல் பக்கத்தில் உட்கார்ந்த நாள்

முதலில் ஒரு விஷயம். நம் பால்வழி மண்டலத்தின் ‘புகைப்படம்’ என்று உங்கள் வாட்ஸ்அப்பில் வருகிற அந்தச் சுருள் படம் புகைப்படம் இல்லை. யாரோ வரைந்தது. அதை வெளியே நின்று எடுக்க வேண்டுமானால், ஒளியின் வேகத்தில் கிளம்பினாலும் பல ஆயிரம் வருஷம் பிடிக்கும். அப்படியென்றால் உள்ளே உட்கார்ந்துகொண்டே அதன் வடிவத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? புத்தகத்தில் பதில் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. நானே அளந்து பார்க்காத எதையும் நம்ப மனசு வராது.

இதற்குப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. பால்வழி முழுக்க ஹைட்ரஜன் வாயு பரவிக் கிடக்கிறது. அது இருபத்தொரு சென்டிமீட்டர் அலைநீளத்தில் மெல்லிய ரேடியோ அலையை விடுகிறது. ஓர் அணு அப்படி ஒருமுறை விட ஒரு கோடி வருஷம் ஆகலாம். பரவாயில்லை, அணுக்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு தகரக் கூம்பு, ஒரு ஆம்ப்ளிஃபையர், லேப்டாப்பில் செருகுகிற ஒரு சின்ன ரிசீவர், இவ்வளவு போதும். பகலிலேயே வேலை செய்யும்.

பெங்களூரில் என் வீட்டு மொட்டைமாடியைச் சுற்றி மூன்று செல்போன் டவர். அங்கே ஹைட்ரஜனும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மலை மறைக்கிற இடமாக வேண்டும். தேனிப் பக்கம் மேற்கே மதில் மாதிரி மலை நிற்கிறது. ஜனவரி நடுவில் பால்வழியின் அடர்த்தியான பகுதி காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரை தலைக்கு மேலே போகும். பொங்கல் லீவும் அப்போதுதான். கிளம்பிவிட்டேன்.

ஆம்னி பஸ்ஸில் பொங்கல் கட்டணம் 1,900 ரூபாய். தேனியில் இறங்கியது காலை ஆறே கால். கூம்பைப் பழனிசெட்டிபட்டியில் ஒரு தகரப் பட்டறையில், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, முன்கூட்டியே செய்யச் சொல்லியிருந்தேன். வாய் எழுபத்தைந்து சென்டிமீட்டர் அகலம். கூலியோடு 2,400. அளவு சுத்தமாக இருந்தது. பட்டறைக்காரர் மட்டும், “கோழிப்பண்ணைக்குத் தீவனம் கொட்டுறதா தம்பி?” என்று மூன்றுமுறை கேட்டார். மூன்றுமுறையும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

இதைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. சின்ன லோடு வண்டியாக ஒரு குட்டியானை பிடித்தேன், நாள் வாடகை 2,800, டீசல் உட்பட. டிரைவர் அந்தோணி, உத்தமபாளையம் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். காலையில் மலையடிவாரத்தில் அரை மணி நேரம் அளவு, பிறகு சின்னமனூர் வழியாக மேகமலை ஏறி அங்கே இன்னோர் அரை மணி என்று திட்டம். மேலே அறையும் போட்டிருந்தேன். போடியில் இட்லி. தேவாரம் சாலையில் போய், பொட்டிப்புரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மண்பாதையில் திரும்பி, ஓடைப் புறம்போக்கில் நிறுத்தினோம். தேனியிலிருந்து வண்டி மீட்டரில் முப்பத்தொரு கிலோமீட்டர். மணி ஒன்பதே முக்கால்.

பக்கத்துத் தென்னந்தோப்பில் போர்வெல் லாரி நின்றது. கேசிங் குழாய் இறக்கி முடித்து, துளை போட ஆரம்பித்திருந்தார்கள். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கூம்பை ஸ்டாண்டில் பொருத்தினேன். வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கருவிக்கு ஓர் ஒப்பீடு வேண்டும். சூடான, அகலமான ஏதாவது ஒன்றைப் பார்க்க வைத்து, அந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிரில் மலை இருந்தது. கூம்பை நேராக மலைக்குத் திருப்பி வைத்தேன். காம்பஸில் திசை பார்த்தேன். டேப் பிடித்து உயரம் குறித்தேன்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அந்த மலையைக் குடைந்து ஓர் ஆய்வகம் அமைக்கப் போவதாகத் திட்டம் அறிவித்து, அதற்கு எதிர்ப்பும் கிளம்பிய பகுதி அது. அங்கே மலையை அளப்பவன் என்றால் நிலம் எடுக்க வந்த சர்வேக்காரன்தான். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

போர்வெல் சத்தம் சட்டென்று நின்றது. தோப்பிலிருந்து ஓர் அம்மா வேகமாக வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு.

“என்ன தம்பி அளக்குறீக?”

“வானத்த அளக்குறேங்க.”

“வானம் மேல இருக்கு. ஒங்க கொழா மலையப் பாக்குது.”

“அது காலிப்ரேஷன்.”

“அதான் கேக்குறேன். எந்த ஆபீஸ்?”

எந்த ஆபீஸும் இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். புத்திசாலித்தனமாக பெங்களூர் கம்பெனி அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெங்களூர்ல இருந்தே வந்திருக்காக” என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். அவ்வளவுதான், ஆறேழு பேர் கூடிவிட்டார்கள்.

“சர்வே எடுக்குறவன் தீவனம் கொட்டுற தகரத்தையா தூக்கிட்டு வருவான்? கொஞ்சம் யோசிங்க!” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அந்தோணி என் கையை அழுத்தி, “வாய மூடுங்க சார், நான் பேசிக்கிறேன்” என்றார். அந்த அம்மாவை அவருக்கு முன்பே தெரியும் போலிருந்தது. “முத்துலெச்சுமி அக்கா, சத்தியமா சொல்றேன், மாதா மேல ஆணையா இவுக சர்வேக்காரவுக இல்ல. கொஞ்சம் கிறுக்கு. அம்புட்டுதான்.”

யாரோ சிரித்தார்கள். முத்துலட்சுமி சிரிக்கவில்லை. அவருடைய கணக்கை அந்தோணி பிறகுதான் எனக்குச் சொன்னார். ஏற்கெனவே போட்ட இரண்டு போரும் வெறும் புழுதி. காய்ப்புக்கு வந்த தென்னைகள் மட்டை தொங்கி நிற்கின்றன. இந்தக் கோடைக்குத் தண்ணீர் இல்லையென்றால் தோப்பு போய்விடும். கடைசி முயற்சியாகத் துளை போடக் குறித்த இடம்தான் இந்த மூன்றாவது பாயிண்ட். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது, மலையைப் பார்த்துக் கருவி வைத்த ஒருவன் வந்து நிற்கிறான்.

“நெலத்த எடுக்கப் போறாகன்னா இதுல எதுக்கு நான் இன்னொரு ரெண்டு லட்சத்தக் கொட்டணும்? இப்பவே சொல்லிருங்க.”

திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த லாரி மேனேஜர் பொறுமை இழந்தார். “ஏனுங்க்கா, ஓட்றதா, நிறுத்திப்போடறதா? கம்பத்துல அடுத்த பாயிண்ட்டு காத்துட்டு இருக்குதுங்க. இப்பப் போனா மறுக்கா வர ஒரு மாசம் ஆயிப்போகும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அரை மணி நேர விளையாட்டால் ஒரு தோப்பு காயப் போகிறது.

லேப்டாப்பை வண்டியின் பின்பக்கத் தட்டில் வைத்தேன். “நீங்களே வந்து பாருங்க. எங்க திருப்பணும்னு நீங்களே சொல்லுங்க.”

“மலைக்கு” என்றார் முத்துலட்சுமி.

திரையில் கோடு தட்டையாக இருந்தது.

“எங்க தோப்புக்கு.”

தட்டை.

“தரைக்கு.”

தட்டை. கோடு முழுவதும் கொஞ்சம் மேலே ஏறியதே தவிர நடுவில் ஒன்றும் இல்லை.

“இப்ப மேல.” தெற்கே, உச்சிக்குச் சற்றுக் கீழே திருப்பினேன். ஒரு நிமிஷம் போனது. கோட்டின் நடுவில் ஒரு மேடு எழுந்தது. எருமை முதுகு மாதிரி, சரிந்து நீண்ட மேடு. கிழக்கே சாய்த்தேன், தணிந்தது. திரும்பக் கொண்டுவந்தேன், எழுந்தது. சொல்லிக்கொள்கிறேனே, எனக்கே அது முதல்தடவை. காட்டிக்கொள்ளவில்லை.

“அது என்ன?”

“நம்ம நட்சத்திர மண்டலம். தோசை மாதிரி தட்டையா, நடுவுல கொஞ்சம் உப்பி இருக்கும். நாம ஓரத்துக்கும் நடுவுக்கும் பாதியில இருக்கோம். அதுல இருக்க வாயுதான் இந்த மேடு.”

“அது ஆரோட எடம்?”

“யாரோடதும் இல்லீங்க. நாமளே அதுக்குள்ளதான் இருக்கோம்.”

“அப்ப ஆரும் எடுத்துக்க முடியாதுல்ல.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் உண்மையைச் சொன்னேன். “அப்படிச் சொல்ல முடியாதுங்க. இது மொதல்ல சின்னதாத்தான் இருந்துச்சு. அக்கம்பக்கத்துல இருந்த சின்னச் சின்ன மண்டலத்தையெல்லாம் இழுத்து முழுங்கித்தான் இம்புட்டுப் பெருசாச்சு. இப்பக்கூட ஒண்ண முழுங்கிட்டு இருக்கு.”

“ஆத்தாடி, அங்கனயும் இதே கததானா!” என்றார். அப்போதுதான் சிரித்தார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேனேஜரைப் பார்த்துக் கையை ஆட்டினார். “ஓட்டுங்க.”

நான் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். மேகமலைக்கு நேரமாகிவிட்டது.

“எங்க கெளம்புறீக? ஒக்காருங்க. இப்பப் போனீகன்னா, சர்வேக்காரன் அளந்து முடிச்சுட்டுப் போயிட்டான்னு சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் பேசிருவாக. போர் முடியுற வரைக்கும் இங்கனயே இருந்து, ஆர் வந்து கேட்டாலும் அந்த மேட்டக் காட்டுங்க.”

இப்படித்தான் நான் மூன்று மணி நேரம் உட்கார வைக்கப்பட்டேன். எனக்கு வரிசையில் நிற்கவே பிடிக்காது. கூம்பை உச்சிக்கு வடக்கே சாய்த்து நிலையாக வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

போர்வெல் ஓடுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைப் புழுதி எழுந்து லாரியை மறைத்தது, தோப்பை மறைத்தது, மலையையே காணோம். அந்தோணி லேப்டாப்பைத் தன் துண்டால் போர்த்தினார். ஆனால் திரையில் மேடு அப்படியே இருந்தது. பால்வழியின் நடுப்பகுதியை நாம் கண்ணால் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம். இடையில் அவ்வளவு தூசி. ரேடியோ அலை அதை மதிப்பதில்லை, நேராக வந்துவிடுகிறது. படித்ததுதான். மூக்கில் புழுதி ஏறும்போது படிப்பது வேறு.

இன்னொன்றும் நடந்தது. நான் எதையும் தொடவில்லை, பூமி சுற்றிக்கொண்டே இருந்தது, வானம் கூம்பின் வாய்க்கு முன்னால் தானாக நகர்ந்தது. ஒரு மணி வாக்கில் அந்த ஒற்றை மேடு பிரிந்து மூன்றானது. நம்மை நோக்கி வருகிற வாயுவின் அலை கொஞ்சம் சுருங்கும், விலகிப் போவது நீளும், ஹாரன் அடித்துக்கொண்டு கடக்கிற பஸ் மாதிரி. மூன்று மேடு என்றால் மூன்று வேகம். மூன்று வேகம் என்றால் அந்தத் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக மண்டலத்தின் மூன்று சுருள் கைகள். நாம் இருக்கிற சின்னக் கை ஒன்று, அதற்கு வெளியே ஒன்று, அதற்கும் வெளியே ஒன்று. வரைந்த படத்தில் பார்த்த சுருள் இதுதான். திட்டப்படி அரை மணியில் கிளம்பியிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது. அதை அந்தோணியிடம் சொன்னேன். “அக்காகிட்ட சொல்லாதீக, வாடகை கேப்பாக” என்றார்.

வந்து கேட்டவர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். எல்லோருக்கும் மேட்டைக் காட்டினேன். முதல் ஐந்து பேருக்கு எரிச்சலோடு. பிறகு பரவாயில்லை.

நானூறு அடி வரை புழுதிதான். முத்துலட்சுமி லாரியைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு என் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். “மேடு இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “இருக்குங்க” என்றேன். நானூற்று அறுபதில் சத்தம் மாறியது. புழுதி அடங்கியது. சாம்பல் நிறச் சேறு தெறித்தது, பிறகு தண்ணீர். மேனேஜர் தண்ணீர் வரத்தைத் தகட்டை வைத்து அளந்துவிட்டு வந்தார். “ஒண்ணே முக்கால் இஞ்சு இருக்குதுங்க்கா. தோப்பு பொழச்சுக்கும்.”

முத்துலட்சுமி எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே துண்டால் முகத்தைத் துடைத்தார். புழுதி, வேறென்ன என்பது போல.

இனி மேகமலை ஏறுவதற்குள் பால்வழி சரிந்துவிடும் என்று அறையை ரத்து செய்தேன். பணம் திரும்ப வரவில்லை.

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு. ஜனவரிதான் சரியான மாதம், பகலிலேயே முடிந்துவிடும். கூம்பைத் தேனியிலேயே செய்துகொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையர், ரிசீவர் எல்லாம் சேர்த்து எனக்குப் பதினோராயிரம் ஆனது. புறம்போக்குதானே என்று நினைக்காமல், பக்கத்துத் தோட்டக்காரரிடம் கருவியை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் சொல்லுங்கள், அடையாள அட்டையைக் காட்டாமல். ஒப்பீட்டுக்கு மலையைத் தொடாதீர்கள், தரையை அளந்தால் போதும். ஒரே இடத்தில் நாலு மணி நேரம் இருங்கள். முடியாதென்றால் யாராவது உங்களைப் பிடித்து உட்கார வைக்கிற இடமாகப் பாருங்கள்.

கூம்பைத் திரும்ப எடுத்துவர முடியவில்லை, பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்கள். அந்தோணியிடம் விட்டுவிட்டு வந்தேன். போன வாரம் அவர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். புது மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மழை படாமலிருக்க, கூம்பைக் கவிழ்த்து மேலே மாட்டியிருக்கிறார் முத்துலட்சுமி அக்கா. வாய் நேராக அவர் நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறது.