உலையருகே நின்றவர்

சுந்தரேசன் காலமானார் என்ற செய்தியை அவருடைய மைத்துனர்தான் பவானிபூரில் என் வீட்டு வாசலில் நின்று சொன்னார். நெஞ்சுவலி என்று படுத்தவர் விடியும்முன் போய்விட்டார்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் இன்ஜினீயரிங் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஒன்றுக்கும் உதவாது என்று சுரங்கங்களில் ஒதுக்கும் கரித்தூளிலிருந்து வாயு எடுத்து, அதில் இயந்திரம் ஓட்டுவது அவருடைய ஆராய்ச்சி. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை; கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் உலைக்கூடத்தில் ஒரு கூண்டில் முனியாக் குருவி வைத்திருந்தார். நமக்கு முன்னால் அதற்குத் தெரியும் என்பார். மாணவர்கள் சிரித்தார்கள்.

இயந்திரத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்த அன்று பிற்பகல், புயல்மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். இயந்திரம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. சுந்தரேசன் கூண்டைப் பார்த்தார். குருவி கீழே கிடந்தது. வாயுவை நிறுத்தி, எல்லோரையும் மழைக்குள் துரத்தினார். புயலுக்குப் பயந்து விழுந்த குருவிக்காகவா இவ்வளவு என்று ஒரு அதிகாரி சீறினார். உலைக்குக் கரி போடும் ஹரிபதா வெளியே வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் தடுப்பதற்குள் சுந்தரேசன் உள்ளே ஓடினார்.

அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நான் மழையில் நின்றேன். ஹரிபதாவை இழுத்துக்கொண்டு வந்தவர் வாசலிலேயே விழுந்தார்.

இருவரும் பிழைத்தார்கள். ஆனால் தலைவலியும் படபடப்பும் அவரை விடவே இல்லை. இந்த ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள் என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"இயந்திரம் ஓடறதான்னுதான் எல்லாரும் கேக்கறா. உள்ளே நிக்கறவா மூச்சு விடறாளான்னு யாராவது பார்க்கணுமோல்லியோ?" என்றார்.

கூரையைத் திறந்து காற்றுப்போக்கி வைத்த பிறகே மறுபடி உலையை மூட்டினார். கரி போடுகிறவர்களை அடிக்கடி வெளியே அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் உலையருகே நிற்பார். வேலை முக்கால் பங்கு முடிந்திருந்தது.

காளிகாட் மயானத்திலிருந்து திரும்பியதும் அவர் மனைவி கமலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அழுது ஓய்ந்திருந்தார்.

"அந்த உலையை இனிமேலும் பத்த வைப்பாளா?"

வைப்பார்கள் என்றேன்.

"பக்கத்துல யார் நிப்பா?"

நான்தான் என்றேன். அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த என் மனைவி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

சுந்தரேசன், போய் வாருங்கள். கவலையை எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள்.