டிக்கிக்குள் எரிந்த விளக்கு

என் மனைவியின் அண்ணனுக்கு நான் பதினாலாயிரம் கடன்பட்டிருந்தேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இன்று எனக்கு இரண்டு கடை, பதினேழு பேருக்குச் சம்பளம் போடுகிறேன். எந்தக் காரின் வயரிங்கையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுவேன். ஆனால் முதல் கடையின் முன்பணம், மீட்டர், சார்ஜர் எல்லாமே மச்சான் காசு. நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். பேட்டரி வேலையை எனக்கு எவனும் சொல்லித் தரவில்லை. ஆசிட் பட்டு ஓட்டையான சட்டைகள்தான் சொல்லித் தந்தன.

தெருவின் அந்தக் கோடியில் மச்சானின் பேட்டரிக் கடை, இந்தக் கோடியில் என் பழுது பார்க்கும் கடை. எட்டு மாதம் பொறுத்தவர், ஒன்பதாம் மாதம் ஒரு திங்கட்கிழமை வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். பணம் வரலைன்னா சாவியைக் கொடுத்துட்டு என் கடைக்கு வந்துடுங்க. சம்பளம் குறைக்க மாட்டேன்."

"உங்க கடையில நான் என்ன பண்றது?"

"பேட்டரி தூக்கணும். பின்ன, பாட்டா பாடச் சொல்லப் போறேன்?"

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒருவன் சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, பிறகு மைத்துனன் கடையில் பேட்டரி தூக்கிக்கொண்டு அதே தெருவில் நடப்பதா? தகர டப்பாவில் நாலாயிரம் சேர்த்திருந்தேன். மீதி பத்தாயிரத்துக்கு வழி தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஒரு வெள்ளைக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் வேர்க்க விறுவிறுக்க டிராவல்ஸ்காரர். அவரிடம் பதினோரு கார்.

"ஒரே வருஷத்துல மூணு பேட்டரி மாத்தியாச்சு. ஓடும்போது ஒண்ணும் தெரியல. மூணு நாள் சும்மா நிறுத்தினா நாலாம் நாள் செத்துக் கிடக்கு. ஒருத்தன் டைனமோவ மாத்துங்கறான், இன்னொருத்தன் காரையே வித்துடுங்கறான்."

"பேட்டரி எங்க வாங்கினீங்க?"

"உங்க மச்சான்கிட்டதான், மூணும்."

சொல்லி வாய் மூடவில்லை, மச்சானே வந்து என்னை ஓரமாக அழைத்தார். "நாலாவதையும் மாட்டிடுங்க மாப்பிள்ளை. கமிஷனைக் கடன்ல கழிச்சுக்கலாம். இன்னும் ஒரு மாசம் தவணையும் தர்றேன்."

ஒரு மாசம். மனசு ஒரு நிமிஷம் ஆடத்தான் செய்தது. ஆனால் மீட்டரை வைத்துப் பார்க்காமல் ஒரு பேட்டரியைச் செத்தது என்று நான் சொன்னதே கிடையாது.

"பாத்துட்டுச் சொல்றேன் மச்சான்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி இறக்கி வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் நின்றது, அசையவில்லை. மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன். பதினாலைத் தாண்டியது. விளக்கு, ஏசி எல்லாம் போட்டும் பதினாலுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஆக பேட்டரியும் யோக்கியன், டைனமோவும் யோக்கியன். அப்புறம் எஞ்சினை அணைத்து, கதவெல்லாம் சாத்தி, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் மீட்டரைக் கொடுத்தேன். சாவி என் பையில் இருக்கிறது. கார் தூங்க வேண்டும். இதுவோ நானூறு மில்லி ஆம்பியரைக் குடித்துக்கொண்டிருந்தது. இருபது, முப்பது குடித்தால் மன்னிக்கலாம். நானூறு என்றால் மூன்று நாளில் பேட்டரி காலி.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்பதாவதைப் பிடுங்கியதும் நானூறு இருபதாக விழுந்தது. அது ரேடியோவுக்கும் உள் விளக்குகளுக்கும் போகிற ஃப்யூஸ். "ரேடியோதான் திருடன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, அதைக் கழற்றுவதில் அரை நாள் தொலைத்தேன். கழற்றி வைத்த பிறகும் அதே நானூறு. இந்த இடத்தை நான் பொதுவாக யாரிடமும் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மேல் விளக்கு, கதவு விளக்கு எல்லா பல்பையும் எடுத்துவிட்டேன். அப்போதும் நானூறு. மிச்சம் டிக்கி விளக்கு. திறந்தால் எரிகிறது, எரியத்தானே வேண்டும். மூடினால் அணைகிறதா? வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? அந்த பல்பையும் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று என் ஆட்கள் இப்போது கேட்கிறார்கள். எடுத்தால் கரண்ட் குறைவது தெரியும். ஏன் அணையவில்லை என்பது தெரியுமா? மைனஸ் வயரை மாட்டினேன். சாவியை டிராவல்ஸ்காரர் கையில் கொடுத்தேன். "தட்டினா திறங்க" என்று சொல்லி, ஸ்டெப்னி மேல் சுருண்டு படுத்து, மூடச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து மச்சான் குரல்.

"மாப்பிள்ளை எங்க?"

"டிக்கியில இருக்கார்."

பிறகு விரல் முட்டியால் டொக், டொக். "மாப்பிள்ளை, கடனுக்குப் பயந்து வண்டியேறி ஓடினவன் உண்டு. ஓடாத வண்டியில ஏறினவரை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"மச்சான், உள்ள நல்ல வெளிச்சமா இருக்கு."

"இருக்கட்டும். சாவி இப்ப என் கையில. பணம் எப்ப?"

"உங்க மூணு பேட்டரியையும் குடிச்சவன் என் மூக்குக்கு நேரா எரிஞ்சுக்கிட்டிருக்கான். அவன்கிட்ட கேளுங்க."

டிராவல்ஸ்காரர் சிரித்தபடி சாவியைப் பிடுங்கித் திறந்தார். முதலில் தெரிந்தது என் மனைவியின் முகம். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"வீட்லயும் இப்படி ஒரு இடத்துல அடங்கிக் கிடந்தா என்ன?" என்றாள்.

நான் இறங்கி, மூடியின் உட்பக்கத்தைக் காட்டினேன். விளக்கின் சுவிட்சை அழுத்த அங்கே கட்டைவிரல் அளவு ரப்பர் இருக்க வேண்டும். விழுந்துபோன அடையாளம் மட்டும் இருந்தது. டிக்கியை மூடினாலும் சுவிட்ச் அழுந்தாது; விளக்கு ராப்பகலாக எரியும். என் பழைய செருப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, மீட்டரை மறுபடி நடுவில் கொடுத்து, டிக்கியை மூடினேன். இருபது.

டிராவல்ஸ்காரர் மீட்டரைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "மூணு பேட்டரி வித்தீங்களே அண்ணே, ஒரு தடவையாவது மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

"நான் விக்கறவன். வாங்க வந்தவரைத் துரத்தவா முடியும்?"

"அப்ப இனிமே பதினோரு காரும் இவர்கிட்டதான். ஒரு வருஷத்துக்கு" என்று, முன்பணமாகப் பத்தாயிரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி உள்ளே போய்த் தகர டப்பாவை எடுத்து வந்து, மூடியைத் திறந்து பிடித்தாள்.

"ஒரு செருப்புத் துண்டு என் வியாபாரத்தைக் கெடுத்துடுச்சே மாப்பிள்ளை" என்றார் மச்சான். சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

"கையை நீட்டுங்க மச்சான்."

உள்ளங்கையை விரித்து நீட்டினார். எதிர்க் கடைக்காரர்களும் எட்டிப் பார்க்கும்படி, நிதானமாக, ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தேன், பதினாலாயிரம் நிறையும் வரை.