மைல் கணக்கும் நாத்தனார் முடிச்சும்

ஜெர்மனியில் ரொட்டி வாங்கப் போனாலும் காசு வாங்குவதற்கு முன்னால் கார்டு இருக்கிறதா என்று கேட்பார்கள். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. மன்ஹைமில் எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் இருந்த அம்மாள் "கார்ட்டே?" என்று கேட்டதும், ஏதோ சோதனை போலிருக்கிறது என்று பயந்து, கைப்பையைக் குடைந்து என் குடியிருப்பு அனுமதி அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் புள்ளி ஏறாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் கேட்டது அந்தக் கடையின் வாடிக்கையாளர் அட்டையை. காவாந்தண்டலத்தில் எங்கள் மளிகைக் கடைக்காரர் யாரிடமும் கார்டு கேட்டதில்லை. இன்னார் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் பொட்டலத்தோடு ஒரு பிடி பொட்டுக்கடலையைக் கொசுறாகக் கொடுப்பார். இங்கே கொசுறுக்கும் கடவுச்சொல் உண்டு, காலாவதித் தேதியும் உண்டு.

பறக்கும் தூரத்துக்கு மைல் என்று புள்ளி ஏற்றி, சேர்ந்ததும் இலவச டிக்கெட் தரும் விமானக் கம்பெனிகளின் மைல் திட்டமும் இந்தக் கொசுறு வகைதான், கொஞ்சம் பெரிய கொசுறு. நான் மருந்துப் பாட்டில் நிரப்பும் இயந்திரங்களை நிறுவிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரகடத்துத் தொழிற்சாலையில் கற்ற தொழில் இப்போது என்னை வார்சாவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் மாட்ரிடுக்கும் மாதம் தவறாமல் துரத்துகிறது. டிக்கெட் காசு கம்பெனியுடையது, மைல் மட்டும் என்னுடையது. இந்த ரகசியத்தை எனக்குச் சொன்னவர் உடன் வேலை பார்க்கும் யூர்கன். "பறப்பதுதான் பறக்கிறாய், ஒரே கம்பெனியில் பற" என்றார். இரண்டு வருடத்தில் எனக்குத் தங்க நிற அட்டை வந்தது. முதல் முறை அதைக் காட்டி விமான நிலையத்தின் சிறப்புப் பயணிகள் ஓய்வறைக்குள் போனபோது, டீயை எடுத்துக்கொண்டு எங்கே காசு கட்டுவது என்று கேட்டேன். கோட்டை எங்கே மாட்டுவது என்று கேட்கிறேன் என நினைத்து, அங்கிருந்த பெண் சிரித்தபடி கோட்டு மாட்டும் இடத்தைக் காட்டினார். உள்ளே வந்தவர்கள் காசைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானும் கோட்டை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சக புலம்பெயரிகளுக்கு இதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கூடுதலாக ஒரு பெட்டி கொண்டுபோகலாம். ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு பெட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டாம். விமானம் தவறினால் முதலில் நம்மைக் கவனிப்பார்கள். கெட்டதும் உண்டு. சேர்த்த மைலை நாம் கேட்கிற நாளில் செலவழிக்க முடியாது, அவர்கள் கொடுக்கிற நாளில்தான் முடியும். இலவச டிக்கெட் என்பார்கள், வரி என்று தனியே ஒன்றை நீட்டுவார்கள். இலவச டிக்கெட்டில் பறந்தால் மைலும் ஏறாது, அட்டைக்கான கணக்கிலும் சேராது. வேலைக்காகப் போன வார்சா எல்லாம் பயணம், ஊருக்குப் போனது மட்டும் பயணமே இல்லை. எல்லாவற்றையும் விட மோசம், நம் புத்தி மாறிவிடுவது. நேராகப் போகும் விமானத்தை விட்டுவிட்டு, மைல் அதிகம் ஏறுமென்று சுற்றுவழி விமானத்தில் நான் ஏறியிருக்கிறேன். "வூட்டுக்கு வர்றதுக்கு எதனா புள்ளி குடுப்பாங்களா?" என்று என் கணவர் கேட்டார். அவர் செய்யாற்றுக்காரர். கிண்டல் பண்ணினால் ஊர்ப்பேச்சுதான் வரும்.

போன தை மாதம் என் தம்பி முரளிக்குக் கல்யாணம். உத்திரமேரூரில் மண்டபம் கிடைத்த நாளுக்கு முகூர்த்தம் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மீதி இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். அதற்கு முன்னால் மணப்பெண்ணின் பின்னே நாத்தனார் விளக்கையும் பிடித்து நிற்க வேண்டும். முரளிக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அவன் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே "உன் பொண்டாட்டிக்கு நான் போடற முடிச்சு அவுறவே அவுறாது பாரு" என்று அவனை மிரட்டியவள் நான். அந்த மேடையில் நான் இல்லாமல் போவதை நினைத்துப் பார்க்கக்கூட என்னால் முடியவில்லை.

மைல்கள் அந்த மாதக் கடைசியில் காலாவதியாக இருந்தன. இலவச டிக்கெட்டுக்குத் தேடினேன். கல்யாணத்துக்கு முந்தைய நாள் கிளம்பி, கல்யாணத்தன்று விடிகாலை சென்னையில் இறங்கும் ஒரே ஓர் இடம் காட்டியது, அதுவும் கூட்டாளிக் கம்பெனி ஒன்றின் வளைகுடா வழி விமானத்தில், பிசினஸ் கிளாஸில். காசு கொடுத்தால் ஒரு வாரம் முன்னாலேயே போயிருக்கலாம். ஆனால் அத்தனை வருடம் சேர்த்தது வீணாகிவிடுமே என்று மனசு கேட்கவில்லை. போனில் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாடி இது, பந்தக்காலுக்கே வந்துடறேன்னு சொல்லிகினு இருந்தே?"

"சும்மா கெடைக்கிற டிக்கெட்டும்மா. அன்னிக்குத்தான் சீட்டு கீது."

"சும்மா ஏத்திகினு வர்றவன் அவன் சொல்ற நாளைக்குத்தான் வரச் சொல்லுவான். நம்ம முகூர்த்தம் அவனுக்கு இன்னா தெரியும்?"

முரளி போனைப் பிடுங்கி, "வுடும்மா. அக்கா, நீ வந்துடுவல்ல?" என்றான். வந்துவிடுவேன் என்றேன். அம்மா அதற்குப் பிறகு என்னிடம் புடவை நிறத்தைப் பற்றி மட்டும் பேசினாள்.

கிளம்பிய அன்று ஃபிராங்ஃபர்ட்டில் பனி கொட்டியது. விமானத்தின் இறக்கையில் படிந்த பனியைக் கரைக்க வரிசையில் காத்திருந்தோம். எனக்குக் கால் நீட்டிப் படுக்கும் இருக்கை, சூடான துண்டு, பழரசம். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைகுடாவில் போய் இறங்கியபோது சென்னை விமானம் போய்விட்டிருந்தது. மாற்று டிக்கெட் கொடுக்கும் மேசை முன்னால் பெரிய வரிசை. பாதிப்பேர் நம் ஆட்கள், கைக்குழந்தையோடும் அட்டைப்பெட்டியோடும் நின்றார்கள். நான் கடைசியில் போய் நின்றேன். ஓர் ஊழியர் என் பெட்டியில் தொங்கிய தங்கப் பட்டையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "வீட்டுக்கா, வேலைக்கா?" என்று கேட்டார். "கல்யாணத்துக்கு" என்றேன். "வாழ்த்துகள், மாப்பிள்ளை காத்திருப்பார்" என்றார். எனக்குத்தான் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டார் போலும். திருத்த எனக்கு நேரமில்லை. அடுத்த விமானத்தில் மிச்சமிருந்த இடத்தில் என் பெயரை ஏற்றிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. அதற்காக டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

சென்னையிலிருந்து ஒரகடம், வாலாஜாபாத் வழியாக வந்த காரிலேயே புடவை மாற்றினேன் என்றால் என் நிலைமை உங்களுக்குப் புரியும். டிரைவர் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு, "நீங்க மாத்துங்க மேடம், நான் ரோட்டத்தான் பாக்கறேன்" என்றார். மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஐயர் தாலித் தட்டைச் சபையில் ஆசீர்வாதத்துக்குச் சுற்ற அனுப்பியிருந்தார். மேடையில் பெண்ணுக்குப் பின்னால் விளக்கோடு தனம் நின்றுகொண்டிருந்தாள்.

தனம் என் சித்தப்பா மகள். எங்கள் பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். முரளிக்குப் பெண் பார்க்கப் போனதிலிருந்து அவள்தான் கூடவே இருந்தாள். ஊர் ஊராகப் பத்திரிகை வைக்கப் போனதும், பந்தக்காலுக்கு மஞ்சள் பூசியதும், நலங்கு வைத்ததும் அவள்தான். நான் அதையெல்லாம் வாட்ஸாப் படங்களில் பார்த்து இதயம் போட்டிருந்தேன். என்னைக் கண்டதும் பெரியத்தை சத்தமாக, "பெரியவ வந்துட்டா! தனம், வெளக்க அவ கையில குடுத்துட்டு நவுரு" என்றாள். தனம் விலகினாள். விளக்கை என் கையில் கொடுக்கும்போது மெல்லச் சொன்னாள்.

"நீ வந்தா நீ, வரலன்னா நானு. என்ன வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு வெச்சிக்கோக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. விமானக் கம்பெனியாவது அடிக்கடி வருகிறவளுக்கு முன்னுரிமை தருகிறது. எங்கள் குடும்பத்தில் எப்போதாவது வருகிறவளுக்குத்தான் முன்னுரிமை. தினமும் இருக்கிறவள் வழிவிட வேண்டும். இது சரியில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. விளக்கைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்கு மனமில்லை. அது என் தம்பியின் கல்யாணம்.

கெட்டிமேளம் முழங்கியது. முரளி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். பெரியத்தை விளக்கை வாங்கிக்கொண்டாள். நான் குனிந்து இரண்டாவது முடிச்சைப் போட்டேன். குளிரில் வெடித்துப்போன விரல்கள். மஞ்சள் கயிறு ஈரமாக இருந்ததால் வழுக்கியது. மூன்றாவதைப் போட்டபோது முடிச்சு தளர்ந்து நின்றது. பின்னாலிருந்து தனத்தின் கை வந்தது.

"இறுக்கிப் புடிக்கா. அந்த நுனிய எனக்குக் குடு."

ஒரு நுனியை நான் பிடித்தேன், இன்னொன்றை அவள் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். போட்டோக்காரர் மேடைக்குக் கீழிருந்து, "நாத்தனாரு கை மட்டும் இருக்கட்டும்மா, மத்தவங்க எடுத்துக்குங்க" என்று கத்தினார். இரண்டு பேருமே கையை எடுக்கவில்லை. குனிந்த தலைக்குப் பின்னால் நடந்ததால் யார் கை எது என்று புதுப்பெண்ணுக்குத் தெரியாது. முடிச்சு இறுகியது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.